அவிந்த முட்டைகள்

பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நடு மத்தியானம். பின்னறையின் ஒற்றை ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தும் வெயில் விளிம்பு வழியாகக் கசிந்து தரையில் கோடு போட்டிருந்தது. மெக்கானிக் சட்டையில்லாமல் வெறுந்தரையில் படுத்திருந்தான். முதுகில் வேர்வையும் தரைத் தூசியும் சேர்ந்து பிசுபிசுத்தன. மேலே மின்விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் கண்ணைத் திறக்கவில்லை, காதை மட்டும் திறந்தான். ஆயுசில் பாதியை ஃபிரிட்ஜ் ரிப்பேரில் கழித்தவனுக்குக் காதுதான் முதல் ஸ்பேனர். கம்ப்ரஸர் உறுமினால் ஒரு அர்த்தம், ரிலே சொடுக்கினால் ஒரு அர்த்தம். ஆனால் இந்தப் பெட்டியில் கம்ப்ரஸர் இல்லை, ரிலேயை அவனே கழற்றி எறிந்துவிட்டான். வெயிலுக்குத் தகரம் விரிகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தான்.

டிக்.

பெட்டியின் மறுகோடியிலிருந்து பதிலுக்கு இன்னொரு டிக்.

தகரம் பதில் சொல்லாது. அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்தப் பெட்டிக்குள் இருந்தவை காடை முட்டைகள். ஒன்றுவிடாமல் எல்லாம் செத்துப்போனவை. அது இந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு ஒரே மகள். அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தது அக்கம்பக்கத்து ஆட்கள். காலையில் கண் விழித்தால் பேச ஆரம்பித்து, ராத்திரி தூக்கத்தில் பாதி வாக்கியத்தோடு நிற்கிற பெண். "உங்க வீட்டு ரேடியோவக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணக் கூடாதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேலி வரும். அவள் அம்மா மட்டும் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. போன மழைக்காலத்தில் அந்த அம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், துணியில் சுற்றித் திரும்பி வந்தாள். அன்றைக்கு நின்றது மகளின் பேச்சு. டாக்டர் நாக்கைப் பார்த்தார், தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஒரு குறையும் இல்ல. பேச்சு உள்ளதான் இருக்கு. அது வரும்போது வரும்" என்றார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவனிடம் சொல்வது போலச் சொன்னார். பள்ளிக்கூடத்திலோ, லீவு முடிந்தும் பிள்ளை பேசாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் மச்சான் வந்தான். இறந்துபோனவளின் அண்ணன். மொட்டை மாடியில் கூண்டு கட்டிக் காடை வளர்ப்பவன். பஞ்சு பரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் முட்டைகளை அடுக்கிக் கொண்டு வந்திருந்தான். கட்டை விரல் அளவு முட்டைகள். பழுப்பும் கறுப்பும் தெறித்த மாதிரி ஓடு முழுக்கப் புள்ளிகள்.

"மாப்ள, புள்ள லீவு பூரா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. இத ஒரு பெட்டில வச்சுப் பொரிக்க வை. அடிக்கிற வெயிலுக்கு உன் வீடே பாதி அடுப்பு."

"மச்சான், நான் ஃபிரிட்ஜுக்கு டாக்டர். கோழிக்கு இல்ல."

"குளுர வைக்கத் தெரிஞ்சவனுக்குச் சூடு பண்ணத் தெரியாதா? எல்லாம் ஒரே ஒயரு தானே."

பிறகு ரேடியோவை மடியில் இழுத்து உட்கார வைத்து, ஒரு முட்டையை அவள் காதில் வைத்தான். "தங்கம், இதுக்குள்ள இருக்கிற குஞ்சுக்குக் காது கேக்கும். யாரு பேசறாங்களோ அவங்களத்தான் அம்மான்னு நெனச்சுக்கும். யாருமே பேசலன்னா அதுக்கு வெளிய வரப் பயமா இருக்கும்."

கடையில் மூலையில் கிடந்த ஒரு சின்ன ஃபிரிட்ஜை மெக்கானிக் வீட்டுக்குக் கொண்டு வந்தான். கம்ப்ரஸரை எடுத்துவிட்டு, அதை மல்லாக்கப் படுக்க வைத்து, கதவையே மூடியாக்கி, அதில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்தான். உள்ளே சூட்டுக்குக் குண்டு பல்பு, ஒரு குட்டி விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர். சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டால் ரிலே சொடுக்கிப் பல்பை அணைக்கும், இறங்கினால் மறுபடி போடும். வெளியே ஒரு சிவப்பு விளக்கு. ரேடியோ ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறு பக்கம் பெருக்கலும் போட்டாள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அவளே புரட்டி வைத்தாள். விரல்களைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள்.

ஒருநாள் அவன் வாசற்படியில் நின்றபோது, அவள் பெட்டிமேல் குனிந்து கண்ணாடியில் உதட்டை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஊதுகிறாள் என்று நினைத்தான். ஊதவில்லை.

"வா" என்றாள் அவள். "வா. வா."

அவன் ஓசைப்படாமல் வீட்டின் பின்பக்கம் போய், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு பேச்சு சொட்டுச் சொட்டாக வந்தது. சாப்பிடும்போது "தண்ணி" என்றாள். கடையிலிருந்து வந்தவனைப் பார்த்து "அப்பா" என்றாள். அவனிடம் ஒரு வார்த்தை என்றால் முட்டைகளிடம் ஒன்பது. அம்மா சொன்ன கதைகளை எல்லாம் அவற்றுக்குச் சொன்னாள். அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்பான். பசித்தவன் அடுப்படிப் பக்கமே நிற்பது போல.

கெடுத்ததும் அவன்தான்.

வாடிக்கைக்காரர் வீடு என்றால் புது ரிலே போடுவான். இது சொந்த வீடுதானே என்று, தழும்பு விழுந்த பழைய ரிலே ஒன்றைச் சுரண்டித் தேய்த்து மாட்டியிருந்தான். ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. அப்பாவும் மகளும் முன்னறையில் அயர்ந்து தூங்கினார்கள். திரும்பி வந்த மின்சாரம் ஓங்கி அறைந்த மாதிரி வந்திருக்கிறது. ரிலேயின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டன. பல்பு அணையவே இல்லை. மூக்கில் ஏறிய வாசனைதான் அவனை எழுப்பியது. சமையலறையில் வர வேண்டிய வாசனை, பின்னறையிலிருந்து வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே கை வைத்தால் சுட்டது.

மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஆவியைத் துடைத்தான். துண்டால் விசிறி வாசனையை வெளியே விரட்டினான். ரிலேயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பு விளக்குக்கு மட்டும் ஒரு பேட்டரியைக் கட்டி எரிய விட்டான். அவள் எழுந்து வந்து, விளக்கைப் பார்த்துவிட்டு, செத்த முட்டைகளிடம் சிரித்துக்கொண்டே கதை சொல்ல உட்கார்ந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். சொன்னால் அவள் வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும். இந்த முறை சாவி கிடைக்காது.

இப்போது அந்த முட்டைகள் டிக் டிக் என்றன.

அன்று சாயங்காலம் ஒரு முட்டையை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். மேஜையில் பூட்டியிருந்த வைஸ் இடுக்கியின் விளிம்பில் தட்டி ஓட்டை உரித்தான். வெள்ளை கெட்டியாக இருந்தது, நகத்தால் கீறினால் பிளந்தது. அதன் நடுவே ஒரு கறுத்த உருவம், கண்ணை இறுக மூடி, அலகை நெஞ்சில் புதைத்து, அவிந்து போய்க் கிடந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கழிவுத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு மச்சானுக்குப் போன் செய்தான்.

"மச்சான், பொரிச்ச குஞ்சு எங்கயாவது கெடைக்குமா?"

"இந்த வெயில்லயா? எங்க மாடிலயே பாதிக்கு மேல சுருண்டு விழுந்துடுச்சு. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். ஒருவேள பொரிக்கலன்னா, மாத்தி வைக்கலாம்னு."

"ஆனாலும் உனக்கு அவசரம் மாப்ள. சரி, பண்ணைக்காரன்கிட்டச் சொல்லி வைக்கறேன். கெடச்சா நானே கொண்டு வரேன். ஆமா, உள்ள டக்கு டக்குன்னு சத்தம் ஏதாவது வருதா?"

"வருது."

"அடப்பாவி, அப்புறம் என்ன? காடையெல்லாம் ஒண்ணாத்தான் வெளிய வரும். அதுக்குத்தான் முட்டைக்கு முட்ட தட்டிப் பேசிக்கும். நீ ரெடியா, நான் ரெடின்னு. இனிமே மூடியத் திறக்காத, புரட்டாத. அதுங்களே வந்துடும்."

அவிந்த முட்டை எப்படி மச்சான் தட்டும்? அவன் போனை வைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோ பெட்டி ஓரமாக நின்றிருந்தாள். ஒன்று குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடி வழியாக, பஞ்சில் காலியாகக் கிடந்த முட்டைக் குழியைச் சுட்டிக்காட்டி அவனைப் பார்த்தாள். அவன் பொய் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்தக் காலிக் குழியிலிருந்து ஒரு டிக் கேட்டது. சுற்றியிருந்த முட்டைகள் எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக, அதற்குப் பதில் சொல்லின.

அவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டான்.

சாப்பிடும்போது அவள் காலி டம்ளரைத் தள்ளிக் காட்டினாள்.

"என்ன வேணும்? வாயால சொல்லு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். 'டிக்' என்றது.

அவன் சிரித்தான். "முட்ட மாதிரியே செய்யறியா? கள்ளி. தண்ணின்னு சொல்லு."

டிக்.

"சரி, அப்பான்னு சொல்லு."

உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. 'அப்பா'வுக்கு உரிய அசைவெல்லாம் நடந்தது. சத்தம் மட்டும் டிக். அவள் நாக்கு அசையவே இல்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். தொண்டைக்குள்ளே எங்கோ ஆழத்திலிருந்து அது வந்தது. மகளின் கண்கள் தளும்பின. அவள் விளையாடவில்லை. அவளும் தேடிக்கொண்டிருந்தாள், வைத்த இடத்தில் வைத்த பொருளைக் காணாதவள் போல.

மறுநாள் வெயில் இன்னும் ஏறியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வேர்வையில் பிசுக்கேறிய மகளின் தலைக்கு, வெளிக்குழாயடியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். குழாய்த் தண்ணீர்கூடக் கொதித்தது. நுரை கண்ணில் படாமல் அவள் இமைகளை இறுக்கி மூடி, உதடுகளையும் மூடி, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் யாருமில்லை. சோப்பு வாசனை, ஈரச் சிமெண்டின் வாசனை, குழாய் சொட்டுகிற சத்தம்.

"தண்ணி" என்றது பின்னறை.

அவன் கை தலையிலேயே நின்றது.

"தண்ணி. அப்பா. வா, வா." அவளுடைய குரல். அதே மழலை, அதே இழுப்பு. "ஒரு ஊர்ல ஒரு மூக்கறுந்த ராஜா இருந்தானாம். அவனுக்கு மூக்கு இல்லாததால தும்மலே வராதாம்." அது அவள் அம்மா இட்டுக்கட்டிச் சொன்ன கதை. மகள் அதை முட்டைகளுக்குச் சொன்னபோது அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். இப்போது அது உள்ளேயிருந்து வருகிறது, ஒரு வார்த்தை பிசகாமல்.

அவன் கைக்குக் கீழே மகள் நடுங்கினாள்.

முட்டைகளிடம் அவள் பேசிய வார்த்தை ஒன்றுகூட அவளிடம் திரும்பவில்லை. எல்லாம் அங்கே போய்விட்டது. வெயில் சுட்டெரிக்கிற முற்றத்தில், நுரை தோய்ந்த கையோடு, அது அவனுக்கு விளங்கியது. உயிர் இல்லாத ஒன்று வெளியே வர ஆசைப்பட்டால் யாருடைய உயிரையாவதுதான் தின்ன வேண்டும். அவன் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு ஊட்டியிருக்கிறாள்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். மூடியைத் தூக்கினான். ரப்பர் பட்டை உறிஞ்சிக்கொண்டு விடுபட்டது. உள்ளேயிருந்து குளிர் அடித்தது. பிளக் இல்லை, கம்ப்ரஸர் இல்லை, வெளியே தகரம் கொதிக்கிறது, உள்ளே மட்டும் மழைக்காலத்து ஆஸ்பத்திரிச் சுவரின் குளிர். முட்டைகள் புள்ளி புள்ளியாக அசையாமல் கிடந்தன. காலிக் குழியில் ஒன்றுமில்லை. ஆனால் குழியின் அடியில் பஞ்சு அமுங்கியிருந்தது, கனமாக ஏதோ அதில் உட்கார்ந்திருப்பது போல.

ஓங்கினான்.

"அப்பா, வேணாம்."

மகளின் குரல். அவள் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, மருந்து போட வரும்போது கெஞ்சுகிற குரல்.

உடைத்தால் இதுவும் உடையும். கொட்டிய தண்ணீரை அள்ள முடியுமா? சுத்தியல் கையிலிருந்து நழுவியது. மெக்கானிக் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். எந்த மெஷினிலும் பழுதான பாகத்தைக் கழற்றி நல்லதைப் போடுவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை.

"அவளோடதத் திருப்பிக் குடுத்துடு" என்றான். "என்னோடத எடுத்துக்க."

டிக், என்றன எல்லாம். ஒரே நேரத்தில்.

அவன் பேசினான். ஸ்பேனர், கேஸ்கட், கண்டன்ஸர் என்று கைக்குப் பழகிய வார்த்தைகளைச் சொன்னான். மச்சானைக் கிண்டல் செய்கிற வார்த்தைகளைச் சொன்னான். தன் பேரைச் சொன்னான். சொன்னதை மறுபடி சொல்ல முயன்றால் நாக்கு வழுக்கியது. போனால் போகட்டும். குனிந்து, குளிருக்குள் முகத்தை வைத்து, கொட்டினான். முதுகுக்குப் பின்னால், வாசற்படிப் பக்கம், "அப்பா!" என்று தெளிவாகக் கேட்டது.

சட்டென்று திரும்பினான். ஈரத் தலையோடு மகள் நின்றிருந்தாள். உதடுகள் லேசாகத் திறந்திருந்தன.

வேலை செய்கிறது. கடவுளே, வேலை செய்கிறது. அழுகையும் சிரிப்புமாக அவன் மறுபடி குனிந்தான். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆம், இல்லை, நேற்று, நாளை, பசி, தூக்கம், எல்லாவற்றையும் கொடுத்தான். மகள் ஓடி வந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷத்தில் இழுக்கிறாள் என்று நினைத்தான். அவன் வார்த்தைகள் தீர்ந்துகொண்டு வந்தன. இன்னும், இன்னும் என்றது டிக். அவனிடம் வேறு என்ன இருக்கிறது? மனைவி அவனிடம் சொன்னவை இருந்தன. மழைக்காலத்திலிருந்து யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்தவை.

அவற்றையும் எடுத்தான்.

"ஏங்க" என்றான், அவள் சொல்கிற மாதிரியே. "சாப்ட்டீங்களா. மெதுவாப் பேசுங்க, புள்ள தூங்குது." ஒவ்வொன்றும் போகும்போது நெஞ்சுக்குள் ஒரு அறை இருண்டது. கடைசியாக மிச்சமிருந்தது ஆஸ்பத்திரி வாசலில் அவள் சொன்னது. கூடவே இருக்கிறேன் என்று அவன் அடம்பிடித்தபோது சொன்னது. "வேணாம், நீங்க வீட்டுக்குப் போங்க. புள்ள தனியா இருக்கும்."

அதையும் கொடுத்தான்.

பிறகு மூடியை மூடினான். மகளைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து, பேசு என்று கண்ணால் கெஞ்சினான்.

அவள் வாயைத் திறந்தாள்.

டிக்.

அவன் மறுபடி அவள் தாடையைத் தொட்டான். டிக். டிக். அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த 'அப்பா'வும் அவளுடையது இல்லை. தூண்டிலில் புழு மாட்டுவது போல அந்த முட்டைகள் அதை மாட்டியிருக்கின்றன, அவனும் கவ்வியிருக்கிறான். ஐயோ என்று கத்தினான்.

டிக், என்றது அவன் தொண்டை.

ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். அலமாரியை இழுத்து முட்டுக் கொடுக்கலாம் என்று திரும்பியபோது மின்சாரம் போனது. மின்விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. வீட்டில் அத்தனை சத்தமும் ஒரே மூச்சில் அடங்கியது.

உள்ளே ஓடு உடைந்தது.

ஒன்றல்ல. எல்லாம் ஒரே நேரத்தில். நெரிபடுகிற மெல்லிய சத்தம், நீளமாக. அதற்குப் பிறகு கீச்சென்று ஒரு குஞ்சுக் குரல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. சின்னக் கால்கள் ஓடும் சத்தம் வரவில்லை. ரப்பர் பட்டை உறிஞ்சிக்கொண்டு விடுபடுகிற சத்தம் வந்தது. மூடி திறக்கிற சத்தம்.

முன்னறை மேஜைமேல் போன் அடித்தது. மச்சான். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள! குஞ்சு கெடச்சுடுச்சு. இப்பவே கெளம்பறேன்."

வா, சீக்கிரம் வா என்று சொல்ல வாயைத் திறந்தான். டிக். டிக். டிக்.

"என்ன மாப்ள, லைன் கொரகொரன்னு இருக்கு?"

"வேணாம் மச்சான்." கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் பதில் சொன்னது. அவனுடைய குரலேதான், இடையில் வருகிற அந்தக் கனைப்போடு. "இங்க எல்லாம் பொரிச்சாச்சு."

"அட! ரேடியோ பேசறாளா?"

"பேசறேன் மாமா!" என்றது கதவு.

போனுக்குள் மச்சான் விம்முவது கேட்டது. "போதும்டா சாமி, போதும். எனக்கு இது போதும்." வைத்துவிட்டான். மெக்கானிக் திரும்பத் திரும்ப அழுத்தினான், எடுத்தவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமலே. சிக்னல் இல்லை.

கதவுக்குப் பின்னால் அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். மூக்கறுந்த ராஜா கதை. மகள் சொல்ல, அப்பா "அப்புறம்?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். முன்னறையில் அப்பாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். அப்படி ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவன் மாதக்கணக்காக ஏங்கியிருந்தான்.

சிரிப்பு நின்றது.

"ஏங்க."

அவன் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

"ஏங்க, இங்க சூடு பத்தல."

அவள்தான். அவன் அவளைப் போலப் பேசிக் கொடுத்த குரல் இல்லை. காய்ச்சலில் லேசாகக் கரகரத்த, அவளே.

"குளுருதுங்க. கதவத் திறங்க. புள்ளையோட பேச்சு எங்கிட்டதான் இருக்கு. வந்து வாங்கிக்கோங்க."

அவன் எழுந்தான்.

மகள் அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை. அம்மாவின் குரலைக் கேட்டு முகம் மலர வேண்டிய பெண், வெளிறிப்போய், காலைத் தரையில் ஊன்றி, அவனைப் பின்னால் இழுத்தாள். பெட்டிமேல் உதட்டை வைத்துப் பேசியவள் அவள்தான். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டிக். டிக் டிக். டிக் டிக் டிக்.

பேச்சு உள்ளதான் இருக்கு, என்று டாக்டர் சொன்னார்.

அவன் அவளை இழுத்துக்கொண்டே நடந்தான். ஒரு கையை நீட்டினான். தாழ்ப்பாள் ஐஸாக இருந்தது.

விலக்கினான்.

கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. குளிர். வேகவைத்த முட்டையின் வாசனை. இருட்டு.

இருட்டிலிருந்து விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாக, கதவின் விளிம்பைப் பற்றி. இப்போதுதான் முட்டை ஓட்டை விட்டு வந்ததால் ஈரமாக. நகங்கள் இன்னும் கெட்டிப்படவில்லை. சுண்டு விரலில் அவளுடைய பழைய இஸ்திரிப் பெட்டித் தழும்பு. அதைச் சுற்றி, மேலே, மணிக்கட்டு வரை, பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள்.

அவை அவனைத் தொடவில்லை. அவனைத் தாண்டிப் போயின. கீழே. காற்றில் தடவித் தடவி, ஒரு பிள்ளையின் தலை இருக்கும் உயரத்துக்கு.

வேணாம் என்று அவன் கத்தினான். டிக்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல், அன்பாக, மகளை அழைத்தது.

"வா."